மணி அடிக்கும் கோபுரமும் மணி காட்டும் கோபுரமும்

சென்ற வாரம் அம்பத்தூர் அலுவலகத்தில் உங்களைச் சந்தித்தபோது, உங்களுள் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். “சார், நீங்க பாத்ததுலயே எந்த ஊரு சார் டாப்பு?” பயணியரை அயல்நாடுகளுக்கு அழைத்துச் செல்லும் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்க்கு அவ்வாவல் இயல்பே. நானும் சளைக்காமல் அடுக்கினேன். பனி போர்த்த ஆல்ப்சு மலை, கம்போடியக் காட்டில் மரவேர்கள் தழுவி நிற்கும் கற்கோயில்கள், விடியற்பொழுதில் இசுதான்புல் நீரிணையின்மேல் வட்டமிடும் கடற்பறவைகள் என்று என் பட்டியல் நீண்டது. நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டீர்கள். திருநின்றவூரில் மின்தொடர்வண்டியை விட்டு இறங்கும்போதுதான், உங்களுக்குப் பாதி உண்மையே சொன்னேன் என்று என் மனம் உறுத்தியது.

அயல்நாடு என்றதும் என் நினைவில் முதலில் எழுவது மலையன்று, கோயிலுமன்று. இத்தாலியின் புளோரன்சு நகரில், ஒரு கடிகாரக் கோபுரத்தின் அடியில், வியர்த்து வழிந்தபடி விறைத்து நின்ற ஒரு பாரிவாக்கத்துக்காரரின் முகமே எழுகிறது. அம்முகத்தின் கதையை நான் இதுவரை அலுவலகத்தில் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. காரணம் எளிது. பிழை என்னுடையது.

நுழைவிசைவு பெறுவது, விடுதி அமர்த்துவது, வானூர்தி நிலைய நடைமுறை ஆகியவற்றை உங்களுக்கு அலுவலகமே கற்பிக்கும். நான் எழுதப்போவது, எந்தக் கையேட்டிலும் இடம்பெறாத ஓர் அரைமணி நேரத்தைப் பற்றி மட்டுமே.

தமிழில் முதுகலை பயின்றுவிட்டு இப்பணிக்கு வந்தவன் நான். பயணியர் என்னைப் ‘புலவரே’ என்று அழைப்பர். அவ்விளியில் பாதி மதிப்பு, பாதி கேலி. முதற்பாதியை மட்டும் பெற்றுக்கொள்வது என் வழக்கம். அக்காலத்தில் எங்கள் மேலாளராக ஓர் அம்மையார் இருந்தார். நான் முதன்முதலாக எழுதிக் கொடுத்த பயண நிரலை முழுவதும் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எங்கெங்க நின்னு வியக்கணும்னு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க சார். பாத்ரூம் எங்க இருக்குன்னு ஒரு வரி இல்லியே?”

அன்றே அவர் எனக்கு ஒரு விதியையும் வகுத்தளித்தார். குழுவிலிருந்து எவரேனும் பிரிந்துவிட்டால், தேடி ஓடாதீர்கள். ஓடினால் தொலைந்தவர் இருவராவர். குறித்த இடத்திலேயே நில்லுங்கள், பிரிந்தவர் அங்கே வந்து சேர்வார் என்பது அவ்விதி. நான் அதை வேதமாகக் கொண்டேன். பயணியர்க்கும் முதல்நாளே ஓதிவிடுவேன். “குறித்த இடத்தை விட்டு ஓரடியும் அகலாதீர்!” பின்வரிசையிலிருந்து எவரேனும், “அகல மாட்டோம் புலவரே!” என்று குரல் கொடுப்பர். எல்லாரும் சிரிப்பர்.

அந்தப் பயணத்தில் இருபத்திரண்டு பேர். பெரும்பாலோர் ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைகளில் ஓய்வு பெற்றவரும் அவர்தம் துணைவியரும். எஞ்சியோர் அம்பத்தூர் அடுக்ககங்களில் வாழும் கணினித்துறையினர். அவர்களுள் கவிதா என்னும் இளம்பெண் தனியாக வந்திருந்தார். என்னைத் தவிர, அயல்நாட்டில் பேசவல்ல கைப்பேசி இணைப்பு அவரிடம் மட்டுமே இருந்தது. ஏனையோரின் கைப்பேசிகள் விடுதி வாயிலைத் தாண்டினால் ஒளிப்படம் எடுக்க மட்டுமே பயன்பட்டன.

நான் குறிப்பிட்ட பாரிவாக்கத்துக்காரரின் பெயர் தணிகாசலம். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வாழ்நாளெல்லாம் பணியாற்றியவர். அவர் மனைவி வசந்தா. நான் பத்து நிமிடம் விரித்துரைப்பதை ஒரே வரியில் உடைத்துவிடும் ஆற்றல் தணிகாசலத்துக்கு உண்டு. உரோம் நகரின் பழைய வட்டரங்கின் முன்னே நான் பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எடுத்துரைத்து முடித்ததும் அவர் சொன்னார்: “சரி சார். இடிஞ்சத இவ்ளோ நாளு இடியாம வெச்சிகினு கீறானுங்க பாரு, அதான் சார் கெட்டிக்காரத்தனம்!” இன்றளவும் அவ்வரங்கைப் பற்றி அதனினும் சிறந்த விளக்கத்தை நான் கேட்டதில்லை.

புளோரன்சு நகரில் அன்று காலை உணவு முடிந்ததும், வசந்தா அம்மையார் என்னைத் தனியே அழைத்தார்.

“சார், இவரு காலைல சுகருக்கு ஊசி போட்டுகினாரு. பன்னண்டரைக்குள்ள எதுனா துன்னுடணும். இல்லாட்டி கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், அப்பாலே பேச்சே கொளறிடும். எலுமிச்ச சாதம் கட்டிகினேன். ரூம்லயே குக்கர் வெச்சேன், ஓட்டல்காரன்கிட்ட சொல்லிடாதீங்க.”

அதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார். “ஏம்மே, எனக்கு இன்னா நோவுன்னு ஊருக்கெல்லாம் போஸ்டர் ஒட்றியா? எனக்கு ஒன்னியும் இல்ல சார். இவ சும்மா ராங்கு பண்ணுவா.”

உணவுப்பை அம்மையாரின் தோளில் தொங்கியது. பன்னிரண்டு மணிக்கே அனைவரையும் ஒன்றுகூட்டி விடுவதாக நான் அவருக்கு உறுதியளித்தேன்.

முதலில் நகரின் பழைய அரண்மனைச் சதுக்கத்துக்குச் சென்றோம். அரண்மனைக் கோபுரத்தில் ஒரு கடிகாரம் உண்டு. அதற்கு ஒரே முள். தணிகாசலம் அண்ணாந்து நெடுநேரம் நோக்கினார்.

“இன்னொரு முள்ளு எங்க சார்?”

“அக்காலத்தில் மணி அறிந்தால் போதும், நிமிடக் கணக்கு தேவைப்படவில்லை.”

“அடங்கொக்கா மக்கா! இத நம்ம பேக்டரி கேட்ல மாட்டியிருந்தா எவனுக்கும் லேட்டு மார்க்கே வியுந்திருக்காது!”

ஆவடிக்காரர் அனைவரும் அச்சதுக்கமே அதிரச் சிரித்தனர். அங்கிருந்து தலைமைப் பேராலயத்துக்குச் செல்லும் நெடுந்தெருவில் நடந்தோம். பாதி வழியில் தோல்பொருள் கடைகள் குறுக்கிட்டன. பதின்மூவர் கடைகளைப் பார்க்க விரும்பினர். தணிகாசலமும் அவர்களுள் ஒருவர். இடுப்பில் அணிய ஓர் இடைவார் பார்க்க வேண்டுமாம். வசந்தா அம்மையாருக்குப் பேராலயத்துக்கு எதிரிலுள்ள பொற்கதவுகளைக் காண ஆசை. கவிதா உள்ளிட்ட ஒன்பதின்மர் என்னோடு வருவதாயிற்று. பிரிவதற்கு முன் நான் அனைவரையும் அருகழைத்து, உரத்த குரலில், ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தேன்:

“பன்னிரண்டு மணிக்கு மணிக்கூண்டின் அடியில் அனைவரும் கூடுதல் வேண்டும்.”

பேராலயத்தின் பக்கத்தே, வானளாவ எழுந்து நிற்கும் பளிங்குக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் உச்சியில் பெருமணிகள் தொங்குகின்றன. நான் கருதியது அதனையே. கவிதா மெல்லச் சொன்னார்: “சார், பெல் டவர்னு சொல்லிடுங்களேன். எல்லாருக்கும் டக்குனு புரியும்.”

நான் புன்னகைத்தேன். அப்புன்னகையை எண்ணினால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. “மணி இருக்கும் கூண்டு மணிக்கூண்டு. இதனினும் எளிய சொல் எம்மொழியில் உண்டம்மா?”

பன்னிரண்டு அடித்தது. ஒன்பதின்மரும் நானும் பளிங்குக் கோபுரத்தின் அடியில் நின்றோம். தலைக்குமேல் மணிகள் முழங்கின. முழக்கம் அடங்கியது. பதின்மூவரில் ஒருவரும் வரவில்லை.

பத்து நிமிடம் கழிந்தது. எனக்குச் சினம் எழுந்தது. தாய்மொழியில் சொன்னதைக் கூடச் செவிமடுக்காத மாந்தரை எண்ணி உள்ளுக்குள் ஒரு சொற்பொழிவே தயாரித்தேன். பதினைந்து நிமிடம். வசந்தா அம்மையார் உணவுப்பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். அடுத்த நிமிடமே மீண்டும் மாற்றினார்.

“சார், நான் போயி பாத்துட்டு வரேன்.”

“வேண்டாம்மா. அவர்கள் இங்குதான் வருவார்கள். நாம் நகர்ந்தால் குழப்பம் மிகும்.”

“மணி ஆவுது சார்.”

“தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் அம்மா. மணிக்கூண்டு என்று.”

அம்மையார் கோபுரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இதுவா மணிக்கூண்டு?”

“ஆம்.”

“கடியாரம் எங்க சார் கீது?”

நான் அண்ணாந்து தேடினேன். கடிகாரம் இல்லை.

“இன்னா சார் நீங்க! மணிக்கூண்டுன்னா கடியாரம் இருக்கணுமே! பஸ்ல போறோம், ‘மணிக்கூண்டு ஸ்டாப் எறங்கு’ன்றான் கண்டக்டரு, அங்க கடியாரம்தான கீது? அந்தாளு கடியாரம் இல்லாத எடத்த மணிக்கூண்டுன்னு ஒத்துக்கவே மாட்டாரு. அந்த ஒத்த முள்ளுக்குக் கீய போயி நின்னுகினு கீறாரு, எழுதி வெச்சிக்கோங்க!”

இளையோரே, நம் மொழியில் ‘மணி’ என்னும் சொல் ஒலிக்கும் மணியையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். நான் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு ஒலிக்கும் மணியைக் கருதினேன். சென்னை முழுவதும் அச்சொல்லால் கடிகாரக் கோபுரத்தையே கருதுகிறது என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மறந்தேன். அப்பதின்மூவரும் என் சொல்லை மீறவில்லை. அவர்கள் அறிந்த மணிக்கூண்டின் கீழே, நான் விதித்தபடியே, ஓரடியும் அகலாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் என் மணிக்கூண்டின் கீழே ஓரடியும் அகலாமல் நின்றேன். இரு சாராரும் ஒரே விதியைப் பிழையறக் கடைப்பிடித்ததனால், மாலைவரை நின்றாலும் சந்தித்திருக்க மாட்டோம்.

பன்னிரண்டே கால் தாண்டியிருந்தது. அப்போது என் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்பதின்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எங்கள் ஊகம் பிழைத்து, தணிகாசலம் வேறு தெரு வழியாக இங்கே வந்துவிட்டால், அவர் காண்பது வெறும் சுவரையே. அல்லது இங்கேயே காத்திருக்கலாம். விதி அதைத்தான் சொன்னது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவரின் குருதிக்கு விதி தெரியாது. நான் மூன்றாவது ஒன்றைச் செய்தேன். அம்மையார் நீங்கலாக எண்மரையும் அங்கேயே நிறுத்தி, அவர்களுள் கவிதாவிடம் பொறுப்பை ஒப்படைத்தேன்.

“அவர் இங்கே வந்தால் உடனே என்னை அழைத்துவிடுங்கள். முதலில் இனிப்பாக ஏதேனும் கொடுங்கள். எவரையும் எங்கும் அனுப்பாதீர்கள்.”

“சரி சார். ஓடுங்க!”

ஓடினோம். நான் ஓடினேன் என்பதைவிட, வசந்தா அம்மையாரின் பின்னே இழுபட்டேன் என்பதே பொருந்தும். பட்டுச்சேலை, ஓட்டக் காலணி, தோளில் எலுமிச்சைச் சாதம். நெடுந்தெருவில் உலகின் எல்லா நாட்டவரும் நிறைந்திருந்தனர். “ஏய் நவுரு நவுரு, வழி உடு!” என்று அவர் முழங்கிய தமிழுக்கு அத்தனை நாட்டவரும் வழிவிட்டனர். என் செந்தமிழ் அன்று செய்யாத பணியை அவர் தமிழ் செய்தது.

சதுக்கத்தில் நுழைந்ததும் கண்டுகொண்டேன். ஒற்றைமுள் கடிகாரத்தின் நேர்கீழே, தொழிற்சாலை வாயிலில் நிற்பதுபோல் வரிசையாகப் பன்னிருவர். வரிசையின் தலைப்பில் தணிகாசலம். சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார், நடுக்கத்தை மறைப்பதற்காக என்று பிறகு அறிந்தேன். உடனிருந்த எவரிடமும் தம் நோயைப் பற்றி அவர் மூச்சுவிட்டிருக்கவில்லை. “வெயிலு” என்று சொல்லியிருக்கிறார். அருகிலிருந்த கடையில் பழச்சாறு அருந்தலாம் என்று நண்பர்கள் இருமுறை அழைத்தும் மறுத்திருக்கிறார்.

“நம்ம நவுந்துட்டா புலவரு எங்கன்னு தேடுவாரு? சொன்ன எடத்துல நிக்கணும்.”

வசந்தா அம்மையார் அவரை அப்படியே பிடித்துப் பக்கத்துச் சிலை மண்டபத்தின் படியில் அமர்த்தினார். பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்து வாயில் கொட்டினார். அம்மண்டபத்தில் உண்ணலாகாது என்பது அந்நகரத்து ஒழுங்கு. சீருடையணிந்த காவலர் ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“யோவ், இது சாப்பாடு இல்லய்யா, மருந்து! மூஞ்சப் பாத்தா தெர்ல?” என்றார் அம்மையார்.

காவலருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தார். விரலைத் தாழ்த்தினார். தம் தண்ணீர்க் குடுவையை எடுத்து நீட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, வேறெவரும் அப்பக்கம் வராதபடி காவல் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னே அம்மையார் எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்து ஊட்டினார். நான் ஆங்கிலத்திலும், அரைகுறை இத்தாலியத்திலும், இறுதியில் கைகூப்பியும் நன்றி கூறினேன்.

கால்மணி நேரத்தில் தணிகாசலத்தின் முகத்தில் குருதியோட்டம் திரும்பியது. அதன்பின் அம்மையார் கணவரை ஏசத் தொடங்கினார். ஆனால் அதை இங்கே எழுதுவதற்கில்லை.

தணிகாசலம் தலையைத் தாழ்த்தி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என்னை நோக்கினார். “சார், நீங்க சொன்ன எடத்துலதான கீறோம்? கரீட்டா பன்னண்டுக்கு முன்னயே வந்துட்டோம் சார்.”

அவர் கேட்டதில் குற்றச்சாட்டு இல்லை. பணியைச் சரியாகச் செய்துவிட்டேனா என்று மேற்பார்வையாளரிடம் தொழிலாளி கேட்பது போன்ற வினா அது. கவிதாவை அழைத்து எண்மரையும் அங்கே வரச் செய்தேன். இருபத்திரண்டு பேர் முன்னிலையிலும் சொன்னேன்: “நீங்கள் நின்ற இடம் சரி. நான் சொன்ன சொல் தவறு. இவருடைய உடல்நிலையைக் காலையிலேயே அறிந்திருந்தும் தவறினேன். பொறுத்தருள வேண்டும்.”

பின்வரிசையிலிருந்து எவரோ, “அகல மாட்டோம் புலவரே!” என்றார். சிரிப்பு வெடித்தது. தணிகாசலமும் சிரித்தார். வாயிலிருந்த சாதம் புரையேறி மீண்டும் வசவு வாங்கினார்.

இதிலிருந்து நீங்கள் தூயதமிழைத் துறக்க வேண்டும் என்று கொள்ளாதீர்கள். நான் துறக்கவில்லை, இதை எழுதும் தமிழே சான்று. ஓவியத்தையும் கோபுரத்தையும் வருணிக்கும்போது உங்கள் சொல் உங்களுடையது. எவ்வளவு வேண்டுமாயினும் அணி செய்துகொள்ளுங்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் அது கேட்பவருடையது. சொன்னபின், ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையசைப்பர். ‘எங்கே நிற்பீர்கள், சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நான் அத்தெருவில் அவ்வினாவை எழுப்பியிருந்தால், தணிகாசலம் ஒற்றைமுள்ளை நோக்கிக் கைநீட்டியிருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும். விதியைப் பொறுத்தும் ஒன்று சொல்வேன். நிற்பது நல்ல விதியே. ஆயினும் நிற்பதனால் எவருக்கேனும் தீங்கு நேரும் என்று தெரிந்தால், குறித்த இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு நீங்கள் நகருங்கள்.

மறுநாள் வெனிசு நகரம். அங்கே பெருஞ்சதுக்கத்தில் செங்கல்லால் எழுப்பிய நெடிய மணிக்கோபுரம் ஒருபுறம், நீலமும் பொன்னும் மின்னும் கடிகாரக் கோபுரம் மறுபுறம். கூடுமிடத்தை அறிவிக்கும் பொறுப்பை நான் தணிகாசலத்திடம் அளித்துவிட்டேன். அன்று உணவுப்பை அவர் தோளிலேயே தொங்கியது. அவர் மிகுந்த பெருமிதத்தோடு தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இங்க ரெண்டு கோபுரம் கீது. ஒன்னு மணி அடிக்கிறது, ஒன்னு மணி காட்றது. நம்ம நிக்கவேண்டியது மணி காட்றதாண்ட. அடிக்கிறதாண்ட இல்ல. புரிஞ்சிதா?”

அவ்வேளையில், கடிகாரக் கோபுரத்தின் உச்சியிலிருந்த இரண்டு வெண்கல மனிதர்கள் மெல்லத் திரும்பி, சம்மட்டியை ஓங்கி, தங்களுக்கிடையே தொங்கிய பெருமணியை ஓங்கி அடித்தனர். டாங், டாங் என்று பத்து முறை. தணிகாசலம் வாய் பிளந்து அண்ணாந்தார்.

“அட இன்னாபா இது! காட்டவும் காட்டுது, அடிக்கவும் அடிக்குது!”

சதுக்கத்துப் புறாக்கள் பறந்தெழும் அளவுக்கு எங்கள் குழு சிரித்தது. அவர் தளரவில்லை. கடிகாரத்தின் கீழே விடுவிடுவென நடந்து சென்று, கால்களை அகற்றி ஊன்றி, மார்பில் தட்டிக்கொண்டார்.

“கோபுரத்த உடுங்க. ஊருக்கு ரெண்டு மணிக்கூண்டு இருந்துட்டுப் போவட்டும். தணிகாசலம் ஒருத்தன்தான கீறான்? பதினொன்ற மணிக்கு இங்க நிப்பேன். என்னப் பாத்து வாங்க!”

பதினொன்றரைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவரைச் சூழ்ந்து அனைவரும் கூடிவிட்டனர். செங்கற்கோபுரத்தின் அழகில் மயங்கி நின்றுவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். எலுமிச்சைச் சாதப் பையைத் தோளில் சரிசெய்தபடி அவர் என்னை ஏற இறங்க நோக்கினார்.

“இன்னா புலவரே, வழி தெர்லயா?”